பொன்னியின் செல்வன் யாருடைய சொத்து?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிசூட்டு விழாவோடு முடியவில்லை. போர் வெற்றியோடும் முடியவில்லை. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள் ஓடிய பிறகு கல்கி நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது சித்தம் கலங்கிய ஒரு சிற்றரசர் மகளின் மரணத்தில். கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை, கதையின் நாயகன் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள்; கதை அங்கே நின்றுவிடுகிறது. மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்த படத்தில் அந்த மணிமேகலையே கிடையாது. அவள் தகப்பனார் இருக்கிறார், கடம்பூர் மாளிகை இருக்கிறது, அவள் மட்டும் இல்லை.

நாவலைப் பலமுறை படித்தவர்கள் இப்படி விடுபட்டவற்றின் பட்டியலோடுதான் தியேட்டரை விட்டு வெளியே வந்தார்கள். நாவல் பக்கமே போகாதவர்கள், சினிமா வேறு எழுத்து வேறு, ஒப்பிடுவதே தவறு என்று பதில் சொன்னார்கள். சண்டை மாதக்கணக்கில் நடந்தது. இரு தரப்புக்கும் ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடில்லை: பதில் சொல்ல வேண்டியவர் இயக்குநர்தான், தாங்கள் இல்லை. அந்த இடத்தில்தான் இரு தரப்பும் தவறுகின்றன என்பது எம் கருத்து.

முதலில் வெட்டியதைப் பற்றி. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரந்தோறும் ‘கல்கி’ இதழில் வந்த தொடர்கதை இது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வாசகர் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஒருவர் பேசுவதை இன்னொருவர் தூணுக்குப் பின்னாலிருந்து ஒட்டுக்கேட்பதும், சுரங்கப்பாதையில் எதிரும் புதிருமாக ஆட்கள் வந்து நிற்பதும், மரக்கிளையிலிருந்து யாராவது குதிப்பதும் வாரத்துக்கு ஒருமுறை என்றால் சுவை. ஒரே உட்காரலில் பத்து முறை நடந்தால் சிரிப்பு வந்துவிடும். இரண்டு பாகமும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடும் படத்தில் இவற்றில் பாதி போனதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. 1958இல் எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்க உரிமை வாங்கினார், பின்னாளில் இயக்குநரான மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதினார், படம் வரவில்லை. 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழு சென்னையில் இதை மேடையேற்றியபோது நாடக வடிவம் எழுதிய குமரவேல்தான், இருபது ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் திரைக்கதையில் அமர்ந்தவர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரும் முட்டிப் பார்த்த கதவு இது. சுருக்காமல் உள்ளே நுழைய வழியே இல்லை.

எழுத்து செய்யும் சில வேலைகளைத் திரை செய்யவும் முடியாது. கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலில் சிவனடியார் யார் என்பது கடைசிவரை வாசகரை அலைக்கழிக்கும் கேள்வி. எழுத்தில் முகம் இல்லை, ஆகவே ஒளித்து வைக்கலாம். 1960இல் ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, எஸ்.வி.ரங்காராவ் நடித்து அது படமானது. மாறுவேடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரையில் ஒரு நடிகரின் மூக்கும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும். அதேபோல, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லும் கல்கியின் அந்தக் குரல், நேயர்களைச் செல்லமாகக் கிண்டல் செய்து, நடுவே கொஞ்சம் வரலாறு சொல்லி, திரும்பக் கதைக்கு இழுத்துப் போகும் குரல், எந்தக் கேமராவுக்கும் அகப்படாது. படத்தில் ஆகப் பெரிய இழப்பு அதுதான். ஆனால் அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே காட்சிகளை எண்ணி நேர்மையை அளப்பதை விட்டுவிடுவோம். அளக்க வேண்டியது வேறொன்று. கல்கி தன் கதைக்குள்ளேயே செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் பற்றிப் பேசுவார். நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’, சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு ஆகியவற்றின் மேல் நின்று எழுதியவர் அவர். கதை முடிந்த பிறகும் ஒரு முடிவுரை எழுதி, வரலாற்றில் அந்தப் பாத்திரங்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைத்தார். கற்பனை எங்கே புகுந்தது என்பதை ஓரளவாவது வாசகர் கண்டுகொள்ள இடம் விட்டார். இந்த நாணயத்தை நாம் காப்பாற்றியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. இதை இயக்குநரிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை.

நாவல் தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று. இன்றைய வீராணம். அந்த ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகப் பெரும்பாலோர் கொள்ளும் அது, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகளின் சொத்தையும் அவர்கள் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்த செய்தியைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள் அதில் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பட்டம். ஒன்று பாண்டியரை நினைவூட்டும் பட்டம், மற்றது சோழ அரசே கொடுக்கக்கூடிய பட்டம். கொலைக்குப் பின்னால் இருந்தது பாண்டியப் பகையா, சோழ அரண்மனைக்குள் நடந்த சதியா என்று ஆய்வாளர்கள் இன்றும் அடித்துக்கொள்வது இப்படிப்பட்ட சில சொற்களை வைத்துத்தான். கல்கியின் முதல் அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே கொலையாளிகளின் பெயர் கல்லில் இருக்கிறது என்பது, நாவலைக் கரைத்துக் குடித்தவர்களிலும் பலர் கவனிக்காத சங்கதி.

ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு அரியணை ஏறியவர் உத்தம சோழர். சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆண்டார். கொலையாளிகளின் சொத்து பறிக்கப்பட்டதோ ராஜராஜன் வந்த பிறகு. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழரைச் சந்தேகித்தார். பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி மாட்டிக்கொண்ட இடம் இது. உத்தம சோழரின் தாய் செம்பியன் மாதேவி, சிவாலயங்களைக் கற்றளிகளாகக் கட்டிய மாதரசி. அவள் வயிற்றில் பிறந்தவனைக் கொலைப் பழியோடு அரியணையில் ஏற்ற அவருக்கு மனமில்லை. எனவே குழந்தை மாற்றத்தைக் கொண்டுவந்தார். அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்தவன் நாவலில் ஊமை ராணி எனப்படும் பெண் பெற்ற பிள்ளை. செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், தஞ்சைக்கு வெளியே பூமாலை கட்டி வாழும் சேந்தன் அமுதன். அவனே கடைசியில் உத்தம சோழராகிறான். பதவி ஆசை பிடித்தவன் ஒருவன், பதவிக்கு வந்தவன் வேறொருவன். பழி கழுவப்பட்டது.

படத்தில் இந்த முடிச்சு இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகரே மனம் மாறி முடிசூடுகிறார். நாவல் பற்றுள்ளவர்கள் அதிகம் கொதித்தது இங்கேதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: குழந்தை மாற்றத்துக்கு எந்தக் கல்வெட்டிலும் ஆதாரமில்லை. அது முழுக்கக் கல்கியின் சரக்கு. அதை எடுத்ததால் படம் நாவலிலிருந்து விலகியது. அதே அளவுக்கு வரலாற்றின் பக்கம் நெருங்கியது. செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகன், அவனே உத்தம சோழன் என்றுதான் வரலாறு சொல்கிறது. விலகல் எல்லாமே துரோகம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதே நேரத்தில், இந்த மாற்றத்தைத் தெரிந்து செய்தோம், இன்ன காரணத்துக்காகச் செய்தோம் என்று படத்தோடு சேர்த்து ஒரு வரியாவது சொல்லியிருந்தால், மாதக்கணக்கில் நடந்த சண்டை ஒரு நல்ல வரலாற்றுப் பாடமாக ஆகியிருக்கும்.

மணிமேகலையை எடுத்ததை இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. கரிகாலன் கொலையில் கல்கி ஒருவர் கையை மட்டும் காட்டுவதில்லை. வந்தியத்தேவன் மேல் குற்றம் சுமத்தப்படுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரும் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு உயிரை விடுகிறார். யார் கொன்றது என்ற கேள்வி, யாருக்காக யார் பழி ஏற்கிறார்கள் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அந்தப் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. படம் கரிகாலன் - நந்தினி காதலை முதுகெலும்பாக்கி, முடிவில் ஒரு பெரும்போரையும் முடிசூட்டையும் வைக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரியணைக்காக நடந்த கூத்தில் அரியணையோடு சம்பந்தமே இல்லாத ஒரு பெண் அழிந்தாள் என்பதைச் சொல்லிக் கதையை முடிக்க நினைத்தவரின் மனசு அதில் இல்லை. சேந்தன் அமுதன் முடிச்சை விட்டது கதையை விட்டது. மணிமேகலையை விட்டது கல்கியையே விட்டது என்பேன்.

இனி, படம் நாவலுக்கு நூற்றுக்கு நூறு விசுவாசமாக நின்ற ஓர் இடம். அநுராதபுரத்தில், பின்னாளில் ராஜராஜன் ஆகும் இளவரசர் அருள்மொழிவர்மர் பௌத்தர்களிடம் பரிவோடு நடந்துகொள்கிறார், பிக்குகள் இலங்கை மணிமுடியையே அவருக்குக் கொடுக்க முன்வருகிறார்கள், அவர் மறுத்துவிடுகிறார். படத்திலும் இது வருகிறது, அழகாகவே வருகிறது. ஆனால் வரலாற்றில் ராஜராஜனின் படையெடுப்புக்குப் பின் தலைநகர் அநுராதபுரம் தன் இடத்தை இழந்தது. சோழர் ஆட்சி பொலன்னறுவையிலிருந்து நடந்தது. ஈழத்து ஊர்களின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டதைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்ட காலத்தில் சோழப் படைகள் தாதுகோபங்களை உடைத்துப் பொருள்களை வாரிச் சென்றதாகச் சூளவம்சம் அழுகிறது. சூளவம்சம் பிக்குகள் எழுதியது, அதற்கும் ஒரு பக்கச் சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறோம். நாகப்பட்டினம் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தவனும் இதே ராஜராஜன்தான். இரண்டும் உண்மை. நாவலில் ஒன்றுதான் வெளிச்சத்துக்கு வருகிறது, படம் அதை அப்படியே பின்பற்றுகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சூளவம்சத்தைப் பள்ளிப் பாடமாகவே படித்தவர்கள். நாவலுக்கு விசுவாசம் காட்டிவிட்டால் எல்லாக் கடனும் தீர்ந்துவிடாது என்று புரிய இந்த ஓர் இடம் போதும்.

காட்சிக்கும் இதே சிக்கல். சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் கிடைத்தவை செங்கல் அடித்தளங்கள்தாம். படக்குழு மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, மகேசுவர் கோட்டைகளுக்குப் போய்ப் படமெடுத்தது. வேறு வழி குறைவுதான். என்றாலும் நம் பிள்ளைகள் மனதில் இனிச் சோழர் மாளிகை என்றால் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய வடநாட்டு வளைவுகள்தான் தோன்றும்.

இதையெல்லாம் யார் கவனிக்க வேண்டும்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தன் படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமையை எழுத்தாளருக்குத் தருகிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி 1980களில் தன் நாவலைக் கெடுத்துப் படமெடுத்ததாகத் தயாரிப்பாளர்களை டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே இழுத்தார். கல்கி 1954 டிசம்பரில் மறைந்துவிட்டார். அவர் எழுத்துகளைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், சுருக்கலாம், நடிக்கலாம், படமெடுக்கலாம். அனுமதி கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்லை என்றால், பொறுப்பும் யாருக்கும் இல்லை என்று நடந்துகொள்வது நம் ஊர் வழக்கம். பொதுக் குளம் தூர்ந்து போவதும் இப்படித்தான்.

பதிப்பாளர்களிடமிருந்து தொடங்கலாம். புத்தகக் கண்காட்சியில் ‘பொன்னியின் செல்வன்’ இல்லாத கடையைத் தேட வேண்டியிருக்கிறது. விலை மலிவு, நல்லதுதான். ஆனால் எழுத்துப் பிழை மலிந்த பதிப்புகளும், சுருக்கம் என்று அட்டையில் தெளிவாகப் போடாத சுருக்கங்களும் அதே குவியலில் கிடக்கின்றன. தொடர் வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் கதையின் பாதி உயிர். பெரும்பாலான மலிவுப் பதிப்புகளில் அவை இல்லை. கல்கியின் வாக்கியத்தையே ஒழுங்காக அச்சிடாதவர்கள் இருக்கும் நாட்டில், திரைக்கதை ஆசிரியரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்?

பொதுப்பணத்தைக் கொடுத்து உரிமையை வாங்கிய அரசுக்கு ஒரு கடமை மிச்சமிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. அடுத்து வேண்டியது, இதழில் வந்த மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, எந்தச் செய்திக்கு எந்தக் கல்வெட்டு அல்லது செப்பேடு ஆதாரம், எது கற்பனை என்று அடிக்குறிப்போடு அமைந்த ஒரு நம்பகமான பதிப்பு. பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியாத காரியமல்ல. உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை இன்றைய எழுத்தில், பொருளோடு, ஒரு பலகையில் கோயில் வாசலில் வைப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

படத் தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. படம் தொடங்கும்போது யாரும் படிக்க முடியாத வேகத்தில் ஓடும் பொறுப்புத் துறப்பு வழக்கறிஞருக்காகப் போடுவது, பார்வையாளருக்காக அல்ல. கல்கி முடிவுரையில் செய்ததைப் போல, இது கல்வெட்டில் உண்டு, இது கல்கி சேர்த்தது, இது நாங்கள் மாற்றியது என்று இணையத்தில் நாலு பக்கம் போடலாம். இசை வெளியீட்டு விழாவுக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. விளம்பரத்தில் ‘சோழர்களின் உண்மை வரலாறு’ என்ற தோரணையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

நம் பங்கும் இருக்கிறது. முதல் பாகம் வந்த சில நாட்களில் ராஜராஜன் எந்த மதம் என்ற சண்டை கதையையே மூடிவிட்டது. அதற்கு முன்பே கரிகாலன் நெற்றியில் இருப்பது எந்தக் குறி என்று வக்கீல் நோட்டீஸ் போனது. ராஜராஜனின் சதய விழா வந்தால் அவரைத் தத்தம் சாதிக்கு உரிமை கொண்டாடும் சுவரொட்டிகள் முளைக்கின்றன. படம் பார்த்த சூட்டில் நந்தினி ஊர் எது என்று தேடுபவர்களும் உண்டு; நந்தினி கல்கி படைத்த பெண், ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் அப்படியே. வந்தியத்தேவனுக்கோ தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவையின் கணவர் என்ற அளவில் ஒரு பெயர் உண்டு. பள்ளி ஆசிரியர் ஒருவர் நினைத்தால் ஒரு வகுப்பில் இதைத் தெளிவாக்கிவிடலாம்: உடையார்குடிக் கல்வெட்டின் வாசகம், நாவலில் கரிகாலன் கொலை அத்தியாயம், படத்தின் அந்தக் காட்சி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எங்கிருந்து வந்தது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். வீட்டிலும் செய்யலாம், தியேட்டரிலிருந்து திரும்பும் வழியிலேயே.

இது பழைய படம் ஒன்றைப் பற்றிய பஞ்சாயத்து மட்டுமல்ல. இன்றைக்கோ நாளைக்கோ யாராவது ‘சிவகாமியின் சபத’த்தை எடுக்கத்தான் போகிறார்கள். அதில் சாளுக்கிய மன்னன் புலிகேசிக்கு நாகநந்தி என்றொரு இரட்டைச் சகோதரரைக் கல்கி படைத்தார். பல்லவ நாட்டைச் சூறையாடும் வில்லனாகப் புலிகேசியை நிறுத்தினார். முடிவில் வாதாபி எரிகிறது. இன்றைய பாதாமியான வாதாபியைப் பல்லவர் பிடித்தது உண்மை. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் பெயர் பொறித்த பாறைக் கல்வெட்டு இன்றும் பாதாமியில் இருக்கிறது. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள், ஐஹொளெயில், அதே புலிகேசியை ஈடில்லாத வீரனாகப் பாடும் ரவிகீர்த்தியின் கல்வெட்டும் இருக்கிறது. 1967இல் ராஜ்குமார் ‘இம்மடி புலிகேசி’யாக நடித்துக் கன்னட வீடுகளில் எல்லாம் அறியப்பட்ட நாயகன் அவன். ‘பொன்னியின் செல்வன்’ போலவே, வரப்போகும் ‘சிவகாமியின் சபதம்’ படமும் கன்னடம் உட்பட ஐந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும். எது கல்வெட்டு, எது கல்கி, எது இயக்குநர் என்று சொல்லும் அந்த நாலு பக்கத்தை இப்போதே எழுதத் தொடங்கினால், படம் பெங்களூரை அடையும்போது அதைக் கன்னடத்திலும் கையில் கொடுக்கலாம்.